பச்சை நாடாவுக்கு அந்தப் பக்கம்

கீபோர்டின் நடுவே
பச்சை நாடாவைக் கோணலாக ஒட்டிவிட்டுப் போனாள்
பயிற்சி கொடுக்க வரும் ஆக்னியெஷ்கா.
"இடது பாதி போதும் இப்போதைக்கு.
மற்றது எங்கும் ஓடிவிடாது."

ஃப்ரீடாவின் வலது கை
மார்ச் மாதத்திலிருந்து மேசைமேல்
ஆற வைத்த ரொட்டி மாதிரி கிடக்கிறது.
நாக்கும் கனத்துவிட்டது.
எழுத்துக்கூட்டல் மட்டும் சேதமில்லாமல் தப்பியது.

இடது பாதியில் பதினைந்து எழுத்துகள்.
உயிர் இரண்டு, மெய் பதின்மூன்று.
முதல் வாரம்: டீ. பிரெட். வாட்டர்.
கேட்டாள், கொடுத்தேன்.
இரண்டாம் வாரம் கேட்பதை விட்டுவிட்டு
வேட்டைக்குக் கிளம்பினாள்.

ஸ்டூவர்டெஸஸ்.
பன்னிரண்டு எழுத்து, ஒன்றுகூட நாடாவைத் தாண்டவில்லை.
அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதுவது என் வேலை:
கப்பலில் தேநீர் கொண்டுவரும் பெண்கள்.
ஹல் துறைமுகத்திலிருந்து ஸீப்ரூகா வரை
இருபத்தொரு வருடம்
இரவுக் கப்பலில் வாந்தி வாளி தூக்கியவள்
மேசையை இருமுறை தட்டினாள். தவறு என்று அர்த்தம்.
தேநீரை அடித்துவிட்டு வாளி என்று எழுதினேன்.

ரிவர்பரேட்டட். இதுவும் பன்னிரண்டு.
போன சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது.
எங்கள் சமையலறையில் அப்படித் திரும்புவது
ஃப்ரிட்ஜின் முனகல் ஒன்றுதான்.

எக்ஸாஜரேட்டட், பதினொன்று.
உள்ளதை ஊதிப் பெருக்கியது.
அடித்து முடித்து என்னையே பார்த்தாள்.
ஐஸ்லாந்துக் கடலில் நான் பிடித்த காட் மீனின் நீளம் குறித்து
நாற்பது வருடமாக அவளுக்கு ஒரு கருத்து உண்டு.

சும்மா இருப்பானேன் என்று
வலது பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.
உயிர் மூன்று, மெய் எட்டு.
உயிர் கூடுதல்தான், ஆனால் நீள மாட்டேன் என்கிறது.
லாலிபாப். ஆனியன். பம்ப்கின்.
மூன்று நாள் மண்டையைக் குடைந்தபின்
பாலிஃபனி:
ஒன்பது எழுத்து, பல குரல்கள்
தத்தம் வழியே போயும் ஒரே பாட்டாக இருப்பது.
தோளைக் குலுக்கினாள்,
இடது தோளை.

ஒரு ராத்திரி
தூக்கம் வராமல் போர்வைமேல் விரல் தட்டியபோது உறைத்தது.
ஜிம்மி. லன்.
என் பெயரில் ஓர் எழுத்துகூட அவள் பக்கம் இல்லை.
அவளோ பிறந்தபோது ஃப்ரீடா பாசெட்,
முழுக்க இடது கை.
என்னைக் கட்டிக்கொண்டு
பாதிப் பெயரோடு இந்தக் கரைக்கு வந்தவள்.

ரிக்ரெட் என்ற சொல் முழுசாக அவள் பக்கம்தான்.
சீக்ரெட்டும்.
இரண்டையும் அவள் அடிக்கவில்லை.
நீளம் போதாது,
வேறு காரணம் இருக்காது என்று வைத்துக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
ஜன்னலில் ஹம்பர் ஆற்று மூடுபனி.
ஆஃப்டர்எஃபெக்ட் தொடங்கினாள்.
பதினொன்று. இதற்கு அகராதி வேண்டாம்,
மருத்துவமனை கொடுத்த தாளிலேயே இருக்கிறது:
முடிந்தபின்னும் முடியாமல் இருப்பது.

ஐந்தாவது எழுத்தில் நின்றாள்.
திரையில் ஒரு வெற்றிடம்.
அப்புறம்தான் மீதி ஆறு.

"சேர்த்து எழுத வேண்டும்" என்றேன், பெரிய மேதை.
"நடுவில் இடம் விடக்கூடாது."

மேசையில் இரண்டு தட்டு.
கண்ணால் கீழே காட்டினாள்.

வலது கட்டைவிரல்
ஸ்பேஸ் பாரின்மேல் இருந்தது.
யார் தூக்கி வைத்தது என்று கேட்க வாயெடுத்தேன்.
அது அழுத்தியது.
மறுபடியும்.
எழுத்தே இல்லாத ஒரு சொல்
திரையில் நீண்டுகொண்டே போனது.

அந்த நீளக் கட்டைக்கு மட்டும் பக்கம் கிடையாது.
நாடாவும் அதுவரை வரவில்லை.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
பதின்மூன்றில் பழைய சாதனை முறிந்தது.
பொருள் எழுத வேண்டிய இடத்தில்
பென்சில் முனையை வைத்தபடி
உட்கார்ந்திருந்தேன்.